இயேசுவுக்கு அப்பப்பா இரண்டு பேரா? வம்ச வரலாறு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு விறாந்தையில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கூடும் வேதபாட வகுப்பைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மேசையில் வேதாகமத்தின் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கும்: பழைய திருப்புதலும் திருவிவிலியமும். நான் போதகரும் இல்லை, குருவானவரும் இல்லை. கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் லிகிதராக இருந்து, காணி வழக்குகளுக்கு வம்சாவளி அட்டவணை எழுதி எழுதியே கண்ணாடி போட்டவன். அதனாலோ என்னவோ, மத்தேயு 1ஆம் அதிகாரமும் லூக்கா 3ஆம் அதிகாரமும் வந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், சிக்கல்தான் என்ன?

இயேசுவின் முன்னோர் பெயர்களை இரண்டு நற்செய்திகள் தருகின்றன. மத்தேயு ஆபிரகாமில் தொடங்கிக் கீழே இறங்கி வருகிறார். லூக்கா இயேசுவில் தொடங்கி ஆதாம் வரை மேலே ஏறுகிறார். ஆபிரகாமிலிருந்து தாவீது வரை பெரிய பிணக்கு இல்லை. தாவீதுக்குப் பிறகுதான் வழி பிரிகிறது. மத்தேயு சாலொமோன் வழியாக அரசர் வரிசையில் வருகிறார். லூக்கா எடுப்பது தாவீதின் இன்னொரு மகன் நாத்தானின் வழி. அதில் சிங்காசனம் ஏறிய ஒருவரும் இல்லை. பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் சலாத்தியேல், சொரொபாபேல் என்ற இரண்டு பெயர்களில் இரண்டு பட்டியலும் சந்திக்கின்றன, மறுபடி பிரிகின்றன. யோசேப்பிடம் வந்து சேரும்போது அவருடைய தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி.

எண்ணிக்கையும் ஒத்து வராது. தாவீதுக்குப் பிறகு இயேசு வரை மத்தேயுவில் 27 தலைமுறை, லூக்காவில் 42. இடையில் கழிந்தது ஏறக்குறைய 1000 வருடம். வகுத்துப் பார்த்தால் லூக்காவில் தலைமுறைக்கு 24 வருடம் வருகிறது, மத்தேயுவில் 37. அந்தக் காலத்தில் கலியாணம் செய்த வயதை நினைத்தால் லூக்காவின் கணக்குத்தான் இயல்பாகத் தெரிகிறது. மத்தேயு இடையில் ஆட்களை விட்டிருக்கிறார் என்பது அப்போதே புரிந்துவிடும்.

அப்படியென்றால் இரண்டு பேரில் ஒருவர் பிழை விட்டுவிட்டாரா?

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் கேள்வி ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறது. ஒரு பட்டியலைப் பிழை என்று சொல்லுமுன் அது எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

பங்குக் காணியைப் பிரிக்கக் கேட்டுப் பிரிவினை வழக்குப் போடும்போது வழக்காளி ஒரு வம்சாவளி அட்டவணையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் காணி யாரிடமிருந்து யாருக்கு இறங்கியது என்பதுதான் விஷயம். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சித்தப்பாவின் கிளை அங்கே அப்படியே நின்றுவிடும்; அவருக்கு எட்டுப் பிள்ளைகள் இருந்தாலும் அவர்கள் பெயர் அந்தத் தாளுக்குத் தேவையில்லை. அதே குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் பத்திரிகையில் வரும் மரண அறிவித்தலைப் பாருங்கள். ‘காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் பாசமிகு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும்’ என்று தொடங்கி, மருமக்கள், மைத்துனர்மார், கனடா, லண்டன் என்று நீளும். காணியைப் பற்றி ஒரு சொல் இராது. மூத்த தாரத்துப் பிள்ளைகள் சில வீடுகளில் விடுபட்டும் போவார்கள், அது வேறு கதை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு குடும்பம் போலிருக்கும். ஆனால் இரண்டையும் எழுதிக் கொடுத்தது ஒரே வீட்டு ஆட்கள்.

ஒல்லாந்தர்கூட 18ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் தோம்பு என்ற பதிவேடுகளை எழுதியபோது காணிக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு என்று வேறாகத்தான் வைத்தார்கள்.

மத்தேயுவின் பட்டியல் எதற்காக?

முதல் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார்: இயேசு தாவீதின் குமாரன், ஆபிரகாமின் குமாரன். வாக்குத்தத்தமும் சிங்காசனமும் இவரிடம் இறங்கியிருக்கிறது என்று காட்டுவது அவருடைய வேலை. கிட்டத்தட்ட புதுக்கடைத் தாள்.

அதனால் அவர் பெயர்களை 14, 14, 14 என்று மூன்று கட்டாகக் கட்டுகிறார் (மத்தேயு 1:17): ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை, அதிலிருந்து கிறிஸ்து வரை. ஏன் 14? எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும். தாவீது என்ற பெயரில் மூன்று எழுத்து: தாலெத் 4, வாவ் 6, தாலெத் 4. கூட்டினால் 14. இதைத்தான் மனதில் வைத்தார் என்று அவர் எங்கும் எழுதவில்லை, ஆனால் பட்டியலில் 14ஆவது பெயரும் தாவீதுதான் என்பதைப் பார்த்தால் எனக்கு அதிகம் சந்தேகம் இல்லை.

14ஐக் கொண்டுவர அவர் சிலரை விட்டிருக்கிறார். ‘யோராம் உசியாவைப் பெற்றான்’ என்கிறார். 1 நாளாகமம் 3ஆம் அதிகாரத்தில் அந்த இருவருக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் இருக்கிறார்கள். யோசியாவுக்கும் எகோனியாவுக்கும் நடுவில் யோயாக்கீமும் இல்லை. நாளாகமம் கையில் இருந்த யூத வாசகர்களுக்கு இது உடனே தெரிந்திருக்கும். மறைக்கப் போகிறவர் இவ்வளவு பிரசித்தமான பெயர்களில் கை வைக்க மாட்டார். ‘பெற்றான்’ என்ற சொல் அவர்கள் வழக்கில் பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் நீளும். ஏன் குறிப்பாக அந்த மூன்று பேர் என்றால், அவர்கள் பொல்லாத அரசன் ஆகாபின் மகள் அத்தாலியாளின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்பதால் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. இருக்கலாம்.

வகுப்பில் ஒரு கணக்காளர் விரல் விட்டு எண்ணி, ‘மூன்றாம் கட்டில் 13 தானே இருக்கிறது?’ என்று பிடித்துவிட்டார். சரிதான். சலாத்தியேலிலிருந்து எண்ணினால் 13 தான். தாவீதை முதல் கட்டின் கடைசியாகவும் இரண்டாம் கட்டின் முதலாகவும் இரு தடவை எண்ணுங்கள். இரண்டாம் கட்டு யோசியாவோடு முடியும், மூன்றாவது எகோனியாவில் தொடங்கி 14 ஆகும். வசனம் தாவீதின் பெயரை இரு தடவை சொல்வதால் இப்படி எண்ணுவதற்கு இடம் இருக்கிறது. கணக்காளருக்கு முழுத் திருப்தி வரவில்லை.

ஆண்கள் பட்டியலில் நாலு பெண்கள் ஏன்?

தாமார், ராகாப், ரூத், அப்புறம் ‘உரியாவின் மனைவியாயிருந்தவள்’. மரியாளைச் சேர்த்தால் ஐந்து. சாராளும் ரெபெக்காளும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் கலியாணம் பேசும்போது சொல்லாமல் விடக்கூடிய பெயர்களைத்தான் மத்தேயு தேடி எடுத்திருக்கிறார். தாமார் மாமனிடமே பிள்ளை பெற்றவள், ராகாப் எரிகோவில் வேசி, ரூத் மோவாபிலிருந்து வந்த விதவை. பாவிகள் என்பதால் சேர்த்தார் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. ரூத் என்ன பாவம் செய்தாள் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்நியர் என்பதால் என்பது இன்னொரு பதில், ஆனால் மரியாள் அந்நியர் இல்லை. ஐந்து பேருக்கும் பொதுவாக எனக்குத் தெரிவது, ஊர் வாய் பேசக்கூடிய விதத்தில் பிள்ளை வந்தது என்பது மட்டுமே. மரியாளின் கதையைச் சொல்லுமுன் மத்தேயு வாசகரைத் தயார் பண்ணுகிறார் என்று நினைக்கிறேன். உரியாவைக் கொல்லுவித்து அவர் மனைவி பத்சேபாளை எடுத்தவர் தாவீது; அவள் பெயரைச் சொல்லாமல் ‘உரியாவின் மனைவி’ என்றது தாவீதின் முகத்தில் விழும் அடி. அரச வம்சத்தைப் புகழ வந்த பட்டியல் இப்படிச் செய்யாது.

லூக்கா ஏன் ஆதாம் வரை போகிறார்?

பட்டியல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மத்தேயு புத்தகத்தின் வாசற்படியில் வைக்கிறார். லூக்கா இயேசு ஞானஸ்நானம் பெற்ற பிறகு வைக்கிறார். வானத்திலிருந்து சத்தம்: ‘நீர் என்னுடைய நேசகுமாரன்.’ அடுத்தபடி பட்டியல், கடைசிப் பெயர் ஆதாம். அதற்கு அடுத்தபடி வனாந்தரத்தில் பிசாசு: ‘நீர் தேவனுடைய குமாரனேயானால்...’ குமாரன், குமாரன், குமாரன் என்று ஒரே நூல் ஓடுகிறது.

இந்த நூல் பழைய திருப்புதலில் ஓரிடத்தில் அறுந்துவிடுகிறது. அதில் ‘சேத் ஆதாமின் குமாரன், ஆதாம் தேவனால் உண்டானவன்’ என்று இருக்கும். கிரேக்கத்தில் அப்படி வேறுபாடு இல்லை. எல்லாப் பெயருக்கும் போட்ட அதே உருபுதான் கடைசியிலும்: ஆதாமுடைய, தேவனுடைய. மொழிபெயர்த்தவர்கள் ஆதாமைத் தேவனின் குமாரன் என்று எழுதத் தயங்கியிருக்க வேண்டும். தயக்கம் புரிகிறது, ஆனால் லூக்கா சொல்ல வந்ததே அதுதான்: தேவனுடைய குமாரனாக இருந்து தோற்ற ஒருவர், தோற்காத ஒருவர். யூதருக்கு மட்டுமல்லாமல் ஆதாமின் பிள்ளைகள் எல்லாருக்கும் சொந்தமானவர் என்பதும் அதிலேயே அடங்கும்.

ஏலி மரியாளின் அப்பா, அதாவது இயேசுவின் அம்மப்பா என்று எங்கள் போதகர் சொன்னார். சரியா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மத்தேயு யோசேப்பின் வழி, லூக்கா மரியாளின் வழி, பிரச்சினை தீர்ந்தது என்று தமிழ்ப் பிரசங்க மேடைகளில் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கிறது. அதற்கு ஆதாரமாகச் சொல்பவை இவை. லூக்கா 3:23 ‘அவர் யோசேப்பின் குமாரனென்று எண்ணப்பட்டார்’ என்கிறது. ஆகவே யோசேப்பை ஒரு பக்கத்தில் ஒதுக்கிவிட்டு ஏலிக்குப் போகலாம் என்கிறார்கள். கிரேக்கத்தில் மற்ற எல்லாப் பெயருக்கும் முன்னால் வரும் ஒரு சிறு சொல் யோசேப்புக்கு மட்டும் இல்லை. லூக்காவின் பிறப்புக் கதை முழுக்க மரியாளின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மகள்மாருக்குச் சுதந்தரம் உண்டு என்பதற்குச் செலோப்பியாத்தின் குமாரத்திகள் (எண்ணாகமம் 27) சாட்சி.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தும் என் பதில்: அப்படி இருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வசனம் அதைச் சொல்லவில்லை. மரியாளின் பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு அப்பப்பா என்றும் அம்மப்பா என்றும் தனித்தனிச் சொல் இருப்பதால், அம்மப்பாவைச் சொல்ல நினைத்தவர் அதைச் சொல்லியிருப்பாரே என்று தோன்றுகிறது. கிரேக்கத்தில் அந்த வசதி இல்லைதான். ஆனாலும் மரியாளைப் பற்றி இரண்டு அதிகாரம் எழுதிய லூக்காவுக்கு அவர் பெயரை இங்கே ஒரு தடவை எழுத முடியாமலா போனது? அதோடு, தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கர்களைக் கேளுங்கள். மரியாளின் பெற்றோர் சுவக்கீனும் அன்னம்மாளும் என்பார்கள். அது வேதாகமத்தில் இல்லை, 2ஆம் நூற்றாண்டு எழுத்து ஒன்றிலிருந்து வந்த மரபு. சுவக்கீன் என்பதும் எலியாக்கீம் என்பதும் ஒன்று, எலியாக்கீமைச் சுருக்கினால் ஏலி என்று இரண்டையும் பொருத்தியவர்கள் உண்டு. இந்த விளக்கத்தை 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவச் செய்தவர் வித்தெர்போ ஊர் அன்னியுஸ் என்ற துறவி. பழைய ஆவணங்கள் என்று சொல்லித் தானே எழுதி வெளியிட்டதற்காகவும் பேர்போனவர். ஒரு விளக்கத்தைச் சொன்ன ஆள் மோசம் என்பதால் விளக்கம் பிழையாகிவிடாது. ஆனால் புதுக்கடையில் இருந்தவனுக்குக் கொஞ்சம் கை தயங்கும்.

பழங்காலத்து ஆட்கள் என்ன சொன்னார்கள்?

3ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்பவர் ஒரு கடிதத்தில் விளக்கம் கொடுத்தார். அதைத் திருச்சபை வரலாறு எழுதிய எவுசேபியுஸ் தன் முதல் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். உபாகமம் 25இல் ஒரு சட்டம் இருக்கிறது: அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தால் தம்பி விதவையை எடுக்க வேண்டும், முதற்பிள்ளை செத்தவரின் பெயரில் நிற்கும். ஆப்பிரிக்கானுஸ் சொல்லும் கதை இது. எஸ்தா என்ற பெண்ணைச் சாலொமோன் வழியில் வந்த மாத்தான் கட்டி யாக்கோபைப் பெற்றார். மாத்தான் இறந்தபின் அவளை நாத்தான் வழியில் வந்த மெல்கி கட்டி ஏலியைப் பெற்றார். ஆக யாக்கோபும் ஏலியும் தாய் ஒன்று, தகப்பன் வேறு. ஏலி பிள்ளையில்லாமல் இறக்க, யாக்கோபு அவருடைய விதவையிடம் யோசேப்பைப் பெற்றார். இரத்தத்தில் யாக்கோபின் மகன், சட்டத்தில் ஏலியின் மகன்.

தகப்பனின் தமையனையே பெரியப்பா என்று அழைத்து வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயம் இல்லை. என் சொந்த அம்மப்பாவுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு தகப்பன் பெயர், கலியாணப் பதிவில் இன்னொரு பெயர். வளர்த்தது பெரியப்பா, கலியாணத்தன்று முன்னால் நின்றவரும் அவர்தான், பெயரைக் கேட்டபோது அம்மப்பா அவர் பெயரைச் சொல்லிவிட்டார். பின்னால் ஒரு காணி உறுதிக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இந்த விளக்கத்திலும் ஓட்டை உண்டு. நம் லூக்காவில் ஏலிக்கும் மெல்கிக்கும் நடுவில் மாத்தாத், லேவி என்று இருவர் நிற்கிறார்கள். ஆப்பிரிக்கானுஸ் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அவரில் பிடித்தது அவருடைய நேர்மைதான். இதற்குச் சாட்சி இல்லாவிட்டாலும் இதைவிட நல்லது நம்மிடம் இல்லை என்ற கருத்தில் அவரே எழுதிவிட்டார். இன்றைக்கும் அந்த நிலைதான்.

எகோனியாவுக்குச் சாபம் இருந்ததே, மத்தேயு அவரை எப்படிச் சேர்த்தார்?

எரேமியா 22இன் கடைசியில், இந்த மனிதனுடைய சந்ததியில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்கார மாட்டான் என்று வருகிறது. அதனால்தான் இயேசு எகோனியாவின் இரத்தத்தில் வராமல் மரியாளின் வழியில் வர வேண்டியிருந்தது என்று ஒரு வாதம். ஆனால் அதே அதிகாரத்தில் கர்த்தர் எகோனியாவைக் கையிலிருந்து கழற்றி எறியும் முத்திரை மோதிரத்துக்கு ஒப்பிடுகிறார். பிறகு ஆகாய் 2:23இல் எகோனியாவின் பேரன் சொரொபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். கழற்றிய மோதிரம் திரும்ப விரலுக்கு வந்துவிட்டது. மத்தேயுவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

யோசேப்பு பெற்ற தகப்பன் இல்லையென்றால் அவருடைய பட்டியல் எதற்கு?

புதுக்கடையில் எங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர் கேட்ட கேள்வி. ‘எங்களுக்கு ஈஸா நபி மர்யமின் மகன், அவ்வளவுதான். உங்களுக்கு ஏன் இந்தத் தலையிடி?’ என்றார். நியாயமான கேள்வி. மத்தேயுவும் அதைக் கண்டிருக்கிறார். அதனால்தான் 1:16இல் அதுவரை ‘பெற்றான், பெற்றான்’ என்று வந்தவர், ‘மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான், அவளிடத்தில் இயேசு பிறந்தார்’ என்று வாக்கியத்தையே திருப்புகிறார். அந்த அதிகாரத்தின் மிச்சம் முழுக்க, அந்தப் பிள்ளை எப்படித் தாவீதின் வீட்டுப் பிள்ளையானது என்பதற்கான பதில். தூதன் ‘தாவீதின் குமாரனாகிய யோசேப்பே’ என்று கூப்பிடுகிறான், யோசேப்பு பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார். பெயர் வைத்தால் பொறுப்பு ஏற்றாயிற்று. ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுத்த யூதரின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும், ஒருவன் ‘இவன் என் மகன்’ என்று சொன்னால் அவன் சொல்லை ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நண்பர் இதைக் கேட்டுவிட்டு, ‘தத்து எடுத்த மாதிரி’ என்றார். கிட்டத்தட்ட.

லூக்காவில் காயினான் என்று ஒருவர் கூடுதலாக வருகிறாரே?

லூக்கா 3:36. அர்பக்சாத்துக்கும் சாலாவுக்கும் நடுவில். எபிரேய ஆதியாகமம் 11இல் இவர் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இருக்கிறார். லூக்கா கிரேக்கத்தை வாசித்தவர்.

இப்படி வேறு இடங்களிலும் உண்டா?

நிறைய. பென்யமீனுக்கு ஆதியாகமம் 46இல் 10 பிள்ளைகள், 1 நாளாகமம் 7இல் 3, அடுத்த அதிகாரத்திலேயே 5. சொரொபாபேலின் தகப்பன் எஸ்றாவில் சலாத்தியேல், 1 நாளாகமம் 3:19இல் பெதாயா. பக்கத்துப் பக்கத்து அதிகாரங்களில் இப்படி விட்டுவைத்தவர்கள் இதைப் பிழையாக நினைக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பவுலே ‘முடிவில்லாத வம்சவரலாறுகளை’க் கவனிக்க வேண்டாம் என்றாரே. பிறகேன் இந்த வேலை?

1 தீமோத்தேயு 1:4. அவர் கண்டித்தது வாக்குவாதத்தை வளர்க்கும் கதைகளை. ஆனாலும் வகுப்பு ஒன்பது மணியைத் தாண்டும்போது யாராவது இந்த வசனத்தை எடுத்து வாசிப்பார்கள், நானும் புத்தகத்தை மூடிவிடுவேன். 2ஆம் நூற்றாண்டில் நாலு நற்செய்திகளையும் ஒரே கதையாகப் பின்னிய தாத்தியான் இரண்டு பட்டியலையும் ஒரேயடியாக விட்டுவிட்டார். அதுவும் ஒரு தீர்வுதான்.

டிசம்பர் 17ஆம் திகதி பூசையில் மத்தேயுவின் பட்டியலை வாசிக்கிறார்கள். பெயர்கள் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. எப்படிக் கேட்பது?

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அம்மாவின் கேள்வி. எல்லாப் பெயரையும் பிடிக்கப் பார்க்காதீர்கள் என்றேன். ‘பெற்றான்’ (உங்கள் புத்தகத்தில் ‘மகன்’ என்று வரும்) ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். தாளம் தட்டுகிற இடங்களை மட்டும் பிடியுங்கள். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி, பிறகு பாபிலோன். அடுத்த வருடம் அவர் வந்து சொன்னார்: வாசித்தவர் உரியாவின் இடத்தில் இருமிவிட்டாராம், அதனால் அந்த ஒன்று மட்டும் காதில் விழவில்லையாம்.